யாம் கண்டனவும் கேட்டனவும் கற்றனவும்

எம் கல்லூரி விடுதியில் நண்பர் இருவர் எதிர்ப்படின், உடல்நலம் வினவுதற்கு முன்னரே ஒருவரையொருவர் வினவுவன மூன்று. "இப்பொழுது என்ன நூல் படிக்கின்றீர்? என்ன பாட்டுக் கேட்கின்றீர்? என்ன படம் பார்த்தீர்?" என்பனவே அவை. இவற்றை வீண்பொழுது போக்குவார் வினாக்கள் என்று ஒதுக்குவாரும் உளர். யாம் அவ்வாறு கருதுவதில்லை. ஒருவன் விரும்பிக் கேட்பதையும் கற்பதையும் அறிந்தால் அவன் உள்ளத்தில் ஒரு பகுதியை அறிந்தவராவோம்.

மேலும், இஃது எம் கடற்கரைக்குப் புதிய வழக்கமும் அன்று. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழ் கற்கத் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், தாம் தேடித் தொகுத்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஓர் அட்டவணை வகுத்தார். ஒவ்வொரு நூலும் எத்தன்மைத்து என்று தம் கருத்தையும் உடன் எழுதி, 1708-இல் ஜெர்மானிய தேயத்திற்கு அனுப்பினார். தாம் சுவைத்ததைப் பிறர்க்குச் சொல்லாதிருக்க அப்பெரியாரால் இயலவில்லை போலும்! அவர் பெரிய அளவிற் செய்ததை யாம் மிகச் சிறிய அளவிற் செய்யத் துணிந்தோம். ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் யாம் நுகர்ந்த இன்பங்களைக் கூறுமிடத்து, அவ்வின்பங்களினிடையே யாம் இழைத்த பிழை ஒன்றனையும் மறையாது கூறுதல் கடன். அதனைக் கூறாக்கால் இக்கட்டுரை வெறும் பட்டியலாய் முடியும்.

எம் ஊர் பட்டினச்சேரி. காரைக்கால் பகுதியில், திருமலைராயன்பட்டினத்தை அடுத்துக் கடலோரத்தில் அமைந்த மீனவர் ஊர் அது. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்து, 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்திய நாட்டின் ஆளுகைக்குள் வந்தது. தமிழ்நாட்டு ஊர்கள் புறஞ்சூழக் கீழ்த்திசைக் கடலை நோக்கி நிற்பினும், அது புதுச்சேரி ஆட்சிப் பகுதியின் ஒரு கூறாகும். எம் தந்தையார் பள்ளி ஆசிரியர்; எம் குடும்பத்தார் வலை வீசி அறியார். அதனால் ஊரார் எம்மை "வாத்தியார் வீட்டுத் தம்பி" என்றே அழைப்பர். கிறித்தவக் குடும்பம் என்று எம்மை வேறாக நினைப்பாரும் ஆண்டு இலர். தம் வீட்டுப் பிள்ளையாகவே நினைப்பர். அந்நினைப்பே பின்னர் எம்மைப் பெரிதும் நாணச் செய்தது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் இனம் பெருகுங் காலம் என்று கருதி, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது கீழைக் கடற்கரையில் அரசின் ஆணை. ஊரார் அதனைத் தடைக்காலம் என்பர். படகுகள் கட்டுண்டு கிடக்கும். ஆடவர் வலைகளைப் பழுது பார்ப்பர். பொழுது சாய்ந்ததும் வலை பின்னுங் கூடத்தில் வந்து அமர்வர். எம் கோடை விடுமுறையும் அந்நாட்களிலேயே வருவதால், ஆண்டு முழுதும் யாம் கற்றதை எடுத்து விரிக்க அக்கூடமே எமக்கு அரங்காயிற்று.

முதற்கண் இசையைக் கூறுவோம். எம் ஊர்க்காரனுக்கு இசையில் வறுமை இல்லை. தெற்கே அணித்தாக உள்ளது நாகூர். அங்கு வாழ்ந்த அனிபா அவர்கள் (1925–2015) பாடிய இசுலாமியப் பாடல்கள் எம் ஊர்த் தேநீர்க் கடையில் விடியற்காலையில் ஒலிக்கும். அக்குரலுக்கு ஒலிபெருக்கி மிகை. உயர்ந்த தானத்தில் எடுத்து, சொல் ஒன்றும் சிதையாமல், கேட்போர் எலும்பினுள்ளும் புகுமாறு பாடும் ஆற்றல் அவர்க்கு இயல்பாய் அமைந்தது. வடக்கே காரைக்காலில் பிறந்தவர் அம்மையார். தேவார மூவர்க்கும் முற்பட்ட அவ்வன்னை பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டனுள் ஒன்று நட்டபாடைப் பண், மற்றொன்று இந்தளப் பண். ஓதுவார் ஒருவர் நட்டபாடையைக் கம்பீரநாட்டை இராகத்திற் பாடிய ஒலிப்பதிவை இவ்விடுமுறையில் எத்துணை முறை கேட்டோம் என்று எண்ணிச் சொல்ல இயலாது. சுடுகாட்டைப் பாடுபொருளாகக் கொண்ட பாட்டு இத்துணை மிடுக்காய் நடத்தல் கூடுமோ என்று வியந்தோம்.

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் எம் கடற்கரைக்கு எழுந்தருள்வார். மீனவர் குலத்து மகளை அவர் மணந்தார் என்பது வழிவழி வரும் கதை. ஆதலின் ஊரார் அவரை "மாப்பிள்ளை" என்றே உரிமையோடு வரவேற்பர். அன்று அலையோசையோடு போட்டியிடும் நாகசுரமும் தவிலும் எம் காதில் ஆண்டு முழுதும் நின்றொலிக்கும். தெற்கே வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வார் பாடும் மரியன்னைப் பாடல்களும் உண்டு. மூன்று சமயத்தார் பாட்டும் ஒரே காற்றில் வந்து சேரும் கரை எமது கரை. இசையைப் பொறுத்தவரை யாம் செய்ததெல்லாம் செவியைத் திறந்து வைத்ததே.

நிற்க. நூல்களைப் பற்றிக் கூறுவோம். சிறப்புத் தமிழ் வகுப்பில் எமக்குப் பாடமாயிருந்த பட்டினப்பாலையைக் கையில் கொண்டு யாம் கூடத்தில் நுழைந்த முதல் நாளிலேயே, முதியவர் ஒருவர் எம்மை நோக்கி நகைத்தார். "தம்பி, காளமேகம் என்று ஒரு புலவன் இந்தத் திருமலைராயன்பட்டினத்துக்கு வந்தான், இராசா மதிக்கவில்லை என்று மண்மாரி பொழியப் பாடிவிட்டுப் போனான். அந்த மண்ணைத்தான் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறோம். நீ எதைப் பொழிய வந்திருக்கிறாய்?" என்றார். கூடம் முழுதும் சிரித்தது; யாமும் சிரித்தோம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய 301 அடிகளையும் ஒரே மூச்சிற் படித்துக் காட்ட முடியுமோ? ஆதலின் கடற்கரைப் பகுதியை மட்டும் எடுத்துப் பொருள் சொன்னோம். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுமதி நாளில் கடலுக்குச் செல்லாது, சுறாமீனின் கொம்பை நட்டு வழிபட்டு, தாழைமலர் சூடி, உண்டும் ஆடியும் மகிழ்ந்தனர் என்று கூறியபொழுது, அம்முதியவர், "அப்படியானால் அந்தக் காலத்திலேயே ஒருநாள் தடைக்காலம் இருந்திருக்கிறது" என்றார். இரவில் நகரத்தார் பாட்டுக் கேட்டும் நாடகம் கண்டும் மகிழ்ந்தனர் என்னும் இடத்தையும், மாடங்களில் எரியும் விளக்குகளைத் திமிலிற் செல்லும் பரதவர் எண்ணுகின்றனர் என்னும் இடத்தையும் கூறினோம். அப்பொழுது இளைஞர் ஒருவர், "இப்போதும் அப்படித்தான். கரை விளக்கை எண்ணித்தான் ஊர் அடையாளம் பார்க்கிறோம்" என்றார். உரையாசிரியர் பலரைக் கற்றும் எமக்கு விளங்காத ஒன்று அக்கணத்தில் விளங்கிற்று. விளக்கை எண்ணுதல் விளையாட்டன்று. வீடு திரும்பும் வழி தேடுதலாகவும் இருக்கலாம்.

இதனால் ஊக்கம் மிகுந்து, புதிய நூல்களையும் கொண்டு சென்றோம். வண்ணநிலவன் 1977-இல் வெளியிட்ட 'கடல்புரத்தில்' என்னும் சிறிய நாவல் தென்கோடிக் கடற்கரைக் கிறித்தவ மீனவர் வாழ்வைக் கூறுவது. வள்ளத்திற்கும் லாஞ்சிக்கும் மூண்ட பகையும், வள்ளத்தை விற்க மனமில்லாத தந்தையும், காதலித்தவனை மணக்கப்பெறாதும் எவரையும் வெறுக்காத பிலோமி என்னும் பெண்ணும் அதில் வருவர். உரத்த சொல் ஒன்றும் இல்லாமலே நெஞ்சைப் பிசையும் நூல் அது. அடுத்து, 2004-இல் வெளிவந்த ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'. ஆமந்துறை என்னும் ஊரின் பல தலைமுறைக் கதையை, படகிழந்து நடுக்கடலில் மிதக்கும் மூவரின் கதையோடு பின்னிச் செல்வது. இப்பெருநூலை இரவுக்குச் சில பக்கங்களாகப் படித்து வந்தோம். அதன் வட்டார மொழி எமக்கே சில இடங்களில் இடறியது. கேட்டோர்க்கோ, காற்றின் பெயரும் நீரோட்டத்தின் பெயரும் வந்த இடமெல்லாம் தம் வீட்டுப் பேச்சாயின.

கேட்போருள் எம் அண்டை வீட்டார் ஒருவர் உண்டு. எமக்கு உறவினர் அல்லர். ஆயினும் நினைவு தெரிந்த நாள் முதல் அவரை அத்தை என்றே அழைத்து வருகிறோம். கணவரைக் கடலில் இழந்தவர். கருவாடு விற்று ஒரு மகளை வளர்ப்பவர். நாள்தோறும் தம் பாயோடு வந்து முன்வரிசையில் அமர்வார். எழுத்தறியாதவர், ஆயினும் முந்தின இரவு எந்த இடத்தில் நிறுத்தினோம் என்பதை எமக்கு எடுத்துச் சொல்பவர் அவரே.

இனிப் படங்களைக் கூறுவோம். நண்பர் ஒருவரிடம் புரொஜெக்டர் ஒன்றை இரவல் வாங்கி, கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படங் காட்டினோம். முதலிற் காட்டியது 1964-இல் வெளிவந்த 'படகோட்டி'. மீனவர் இரு பிரிவினரைப் பகைமூட்டி வாழ்வோனை எம்.ஜி.ஆர். வெல்லும் அக்கதையின் முடிவு யாவர்க்கும் முன்பே தெரியும். ஆயினும் எவரும் எழவில்லை. வாலியின் பாட்டும், விசுவநாதன் இராமமூர்த்தி இரட்டையரின் இசையும், சௌந்தரராசன் குரலும் வந்த இடங்களிலெல்லாம் கூடமே உடன் பாடிற்று. கடல் அறிந்தோர் சிலர், எம்.ஜி.ஆர். துடுப்புப் பிடித்த வகையைக் குறை கூறினர். அதுவும் ஓர் இன்பமே.

அடுத்த வாரம் 'செம்மீன்' காட்டினோம். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-இல் எழுதிய மலையாள நாவலை, இராமு காரியாட் 1965-இல் படமாக்கினார். தென்னாட்டுப் படங்களுள் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை முதன்முதற் பெற்றது அதுவே. அந்நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கியுள்ளார். யாம் அதனை முன்னரே கற்றிருந்தோம். சலில் சௌதுரியின் இசையும், மார்க்கஸ் பார்ட்லி பிடித்த கடற்காட்சியும் எம்மை முற்றும் ஆட்கொண்டிருந்தன. கதையின் உயிர்நாடி ஒரு நம்பிக்கை: கடலுக்குச் சென்ற கணவன் உயிர், கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் உள்ளது, அவள் பிழைத்தால் கடல் அவனைக் கொள்ளும் என்பது. கருத்தம்மா பழைய காதலனைச் சந்தித்த இரவில், பழனி கடலில் மாள்கிறான்.

படம் முடிந்தது. பலர் கண்ணீரைத் துடைத்தனர். அத்துடன் யாம் அமைந்திருந்தால் குற்றமில்லை. சிறப்புத் தமிழ் மாணவர் அல்லமோ! எழுந்து நின்று சொற்பொழிவு செய்தோம். தலைவியின் கற்பு தலைவன் உயிர்க்கு வேலியாகும் இந்நம்பிக்கையின் மாண்பே மாண்பு என்றும், மதுரையை எரித்த கண்ணகியின் ஆற்றலும் கடலைத் தடுத்து நிறுத்தும் இவ்வாற்றலும் ஒன்றே என்றும், நெய்தல் நிலத்துப் பெண்டிரின் பெருமை இதுவே என்றும் அடுக்கினோம். எம் சொல்லழகில் யாமே மயங்கியிருந்தமையால், முன்வரிசையில் ஒரு பாய் மெல்லச் சுருட்டப்பட்டதைக் கண்டும் காணாதவராயினோம்.

அன்றிரவு எம் தாயார் உணவிடும்போது எம் முகத்தைப் பாராமலே கூறினார். அத்தையின் கணவர் ஒரு மார்கழி விடியலிற் கடலுக்குச் சென்று மீளவில்லை. எமக்கு அப்பொழுது வயது ஏழு. அவர் புறப்படுமுன் இருவர்க்கும் பூசல் நிகழ்ந்தது என்பதை எவரோ கேட்டிருந்தனர். பின்னர்ச் சில வாய்கள் தமக்குத் தோன்றியவாறு பேசின. "அவள் காது படவே பேசினார்கள். நீ இன்று விளக்கைப் போட்டு, ஊரைக் கூட்டி, அதையே பேசினாய்" என்றார் தாயார். யாம் உண்ணாது எழுந்தோம்.

மூன்று நாட்கள் அத்தை கூடத்திற்கு வரவில்லை. நான்காம் நாட்காலையில் துணிந்து அவர் வீட்டு முற்றத்திற்குச் சென்றோம். கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "வா தம்பி" என்றார். யாம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையமர்த்தினார்.

"படம் நல்ல படம்தான். அந்தப் பெண் அழுதபோது நானும் அழுதேன். அந்தப் பேச்சை மலையாளத்துக்காரனா புதிதாகக் கொண்டுவந்தான்? பன்னிரண்டு வருஷமாக நான் இங்கே கேட்டதுதான். அவர் போன அன்றைக்குச் சண்டை நடந்தது மெய். கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை. அவ்வளவே. அதைக் கதையாக்கினவர்கள் படிக்காத சனங்கள். அவர்களை நான் என்ன சொல்ல? நீ படித்த பிள்ளை. எழுந்து நின்று அத்தனை நேரம் பேசினாயே, 'இது பொய்' என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

இதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை. கருவாட்டுப் பாயின் மறுமுனையில் அமர்ந்து, அவரோடு சேர்ந்து சிறிதுநேரம் புரட்டினோம். வீடு திரும்பும் வழியில் ஒன்று நினைவிற்கு வந்தது. சீலோவாமில் கோபுரம் சரிந்து பதினெண்மர் மாண்ட செய்தியைச் சொல்லி, அவர்கள் ஏனையோரினும் பாவிகள் என்று எண்ணாதீர் என்று இயேசு பெருமான் உரைத்ததை, ஞாயிறு பள்ளியில் எத்தனை முறை மனப்பாடஞ் செய்து பரிசு பெற்றோம்! கண்ணகி உடனே நினைவிற்கு வந்தாள், இது வரவில்லை. மேடையிற் பேசுவார்க்கு எது அழகாய் ஒலிக்குமோ அதுவே முதலில் நினைவிற்கு வரும் போலும்.

அன்றிரவு கூடத்தில் நாவலைத் திறக்குமுன் எழுந்து நின்றோம். முன்பு பேசியதினும் இப்பேச்சு மிகச் சிறிது. "சென்ற வாரம் யாம் பேசியது தவறு. செம்மீன் நல்ல கதை. ஆனால் அதிலுள்ள நம்பிக்கை மெய்யன்று. காற்றும் அலையுமே மனிதரைக் கொள்கின்றன. கரையிலிருக்கும் பெண்ணின் குற்றம் எவரையும் கொல்வதில்லை. அதனைப் புகழ்ந்ததற்கு மன்னிக்க வேண்டும்" என்றோம். நா உலர்ந்தது. கூடத்தில் ஒருவரும் பேசவில்லை.

அப்பொழுது, எம்மை மண்மாரிப் புலவனோடு ஒப்பிட்டு நகைத்த முதியவர் தொண்டையைச் செருமினார். "தம்பி சொன்னது சரி. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் ஆழக்கடலில் இருந்தேன். படகு கொஞ்சம் ஏறி இறங்கினது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. கரைக்கு வந்தால் கரையைக் காணோம். என் பெண்சாதி போய்விட்டாள். கடலில் இருந்த என்னை அவள் கற்பு காத்தது என்று சொன்னால், கரையில் இருந்த அவளை எது காக்காமல் விட்டது? எவன் கற்பு? கடலுக்கு அதெல்லாம் தெரியாது. இனி இந்தக் கரையில் எவனும் அந்தப் பேச்சை எடுக்கவேண்டாம்" என்றார்.

அவர் கூறியது இயற்கை நூலார்க்கும் உடன்பாடே. சுமத்திராக் கரையில் எழுந்த நிலநடுக்கத்தால் விளைந்த அப்பேரலை, ஆழ்கடலில் மிகத் தாழ்ந்தும் நீண்டும் விரைந்தோடி, கரையை அணுகி ஆழங் குறைந்தபொழுதே உயர்ந்தெழுந்தது. கடலிற் சென்றோர் பிழைக்க, கரையிற் பெண்டிரும் பிள்ளைகளும் மாண்டமைக்குக் காரணம் இதுவேயன்றி எவர் நடத்தையும் அன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாகவும் இக்கரையார் இதனைக் கண்முன் கண்டிருந்தும், பழைய பேச்சு மட்டும் ஒழியவில்லை. அதற்குச் சான்று சொல்ல ஒருவரும் எழாததே குறை போலும். முதியவர் எழுந்தார், அவர்க்கு வாயில் திறந்தது எம் பிழையே என்று எண்ணி ஒருவாறு தேறினோம்.

மறுநாள் மாலை யாம் விளக்கேற்றச் சென்றபொழுது, முன்வரிசையில் அப்பாய் விரிந்திருந்தது. அத்தை ஒன்றும் கூறவில்லை. "மூன்று பேரும் எங்கே மிதக்கிறார்கள்? கரை தெரிந்ததா?" என்று மட்டும் கேட்டார். யாம் விட்ட இடத்திலிருந்து படித்தோம்.

விடுமுறை முடிவதற்குள் அந்நாவல் முடியவில்லை. மூவரும் கரை சேர்ந்தனரா என்பதை ஈண்டுக் கூறின், நூலைக் கற்க விழையும் நண்பர்க்கு இன்பங் குன்றும், ஆதலின் கூறோம். அத்தையின் மகள் இவ்வாண்டு பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்; எஞ்சிய பக்கங்களைத் தானே கூடத்திற் படித்துக் காட்டுவதாக ஏற்றுக்கொண்டாள். ஆகவே எம் புத்தகப் பெட்டியில் 'ஆழி சூழ் உலகு' இப்பொழுது இல்லை. அதனை இரவல் கேட்டு விடுதி அறைக் கதவைத் தட்டும் அன்பர்கள் பொறுத்தருள்க. ஏனைய நூல்களும், ஓதுவாரின் ஒலிப்பதிவும் உள்ளன. செம்மீன் படமும் உண்டு. வேண்டுவோர் தாராளமாகப் பெற்றுச் செல்லலாம். படம் முடிந்த பின்னர்ப் பேச எழுவார் மட்டும், முன்வரிசையில் அமர்ந்திருப்பார் யார் என்று ஒருமுறை நோக்கிவிட்டுப் பேசுவாராக.